ஒரு சாண் மண்ணின் வயது

(எங்கள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நெடுங்கேணியில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எங்கள் இருவரையும் ஒன்றாக மேடைக்கு அழைத்தபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பு எங்களுக்குக் கேட்டது. பத்தாம் வகுப்பில் நாங்கள் ஒரே வாங்கில் இருந்தோம். பாடவேளையில் கதைத்ததற்காக எத்தனையோ முறை ஒன்றாக எழுப்பி நிறுத்தப்பட்டோம். இன்றைக்குக் கதைக்கச் சொல்லியே எழுப்பி நிறுத்தியிருக்கிறீர்கள். நன்றி.

எங்களில் ஒருத்தி ஊரோடு இருந்தவள். இடம்பெயர வேண்டி வந்தபோதெல்லாம் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து, புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மற்றவள் எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்குப் போனவள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நூற்றுக்கணக்கில் நோர்வேயின் வட கோடியில், பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவளும் அப்படித்தான் வட்சோ என்னும் சிறு பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். நெடுங்கேணி வட அகலாங்கு 9 பாகையில் இருக்கிறது; வட்சோ 70 பாகையில். மார்கழியில் சூரியனைக் காணாத, ஆனியில் சூரியன் மறையாத ஊர்.

யார் எவள் என்று பிரித்துப் பேசினால் உங்களுக்கும் களைப்பு, எங்களுக்கும் களைப்பு. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

துருவத்தை அண்டிய குளிர் நிலங்களில் மண் எப்படி உருவாகிறது என்பதுதான் எங்கள் தலைப்பு. ஏற்பாட்டுக்குழுவில் ஒரு தங்கச்சி, "பாலையும் வீரையும் நிற்கிற ஊரில் பனிக்கட்டிக் கதை எதற்கு அக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலை உரையின் கடைசியில் சொல்வோம். அது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமான பதிலும்கூட.

உயர்தர வகுப்பில் மண்ணாக்கக் காரணிகள் ஐந்து என்று மனப்பாடம் செய்தோம்: தாய்ப்பாறை, காலநிலை, உயிரினங்கள், தரைத்தோற்றம், காலம். மண் என்பது வெறும் பாறைத்தூள் அல்ல, இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கும் தனி இயற்கைப் பொருள் என்ற கருத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் வழிகாட்டியவர் ரசியாவின் தொக்குச்சாயெவ். 1941இல் ஹன்ஸ் ஜென்னி என்ற அறிஞர் இந்த ஐந்தையும் ஒரு சமன்பாடாக எழுதினார். எங்கள் குறிப்புக் கொப்பியில் தண்டரா மண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: மெல்லியது, ஈரமானது, வளமற்றது. பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. அந்த மண்ணின் மேல் முப்பது வருடங்களுக்கு மேல் நடக்கப்போகிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வட்சோவில் முதல் வசந்தம் வந்தபோது, அடுத்த வீட்டுக் கிழவி உருளைக்கிழங்குப் பாத்தியில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். போன வருடமும் பொறுக்கினாராம், அதற்கு முந்தின வருடமும் பொறுக்கினாராம். "இந்தக் கல்லெல்லாம் எங்கிருந்து வருகிறது?" என்று அரைகுறை நோர்வேஜிய மொழியில் கேட்டோம். கீழே கையைக் காட்டினார். அன்றிரவு ஊருக்கு எழுதிய கடிதத்தில், 'இங்கே மண்ணில் கல் முளைக்கிறதடி' என்று எழுதினோம். மறுகடிதத்தில் விளக்கம் வந்தது. புவியியல் ரீச்சருக்குத் தோழியாக இருப்பதில் இது ஒரு வசதி.

விளக்கம் இதுதான். தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 9 வீதம் கூடுகிறது. குளிர் மேலிருந்து கீழே இறங்கும்போது, கல்லானது மண்ணைவிட விரைவாக வெப்பத்தை இழப்பதால், கல்லின் அடிப்பக்கத்து ஈரம் முந்தி உறைகிறது. சுற்றியுள்ள ஈரமும் அங்கே இழுக்கப்பட்டு ஒரு பனிக்கட்டித் தட்டாகிறது. அது கல்லை மேலே தள்ளுகிறது. வசந்தத்தில் பனி இளகும்போது கல் திரும்ப இறங்குவதற்கு முன்னால் பொடி மண் கீழே சரிந்து இடத்தை நிரப்பிவிடுகிறது. கல் போன வருடத்தைவிட ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. இப்படியே ஆண்டுதோறும். அதே உறைபனி பாறையின் வெடிப்புக்குள் புகுந்து பாறையையும் பிளக்கிறது. குளிர் நாட்டில் மண் செய்யும் வேலையின் முதற்பகுதி இதுதான். சம்மட்டியும் அலவாங்கும் இல்லாமல், தண்ணீர் உறைந்தும் இளகியும் கல்லை உடைக்கிறது.

ஆனால் உடைந்த கல் மட்டும் மண்ணாகிவிடாது. எங்கள் ஊரில் பாறையை மண்ணாக்குவது பெரும்பாலும் இரசாயன வேலை. வெப்பமும் மழைத்தண்ணீரும் வேர்களும் சேர்ந்து பாறையின் கனியங்களைக் கரைத்தும் மாற்றியும் களியாக்குகின்றன. விடுபட்ட இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவக்க வைக்கிறது. நெடுங்கேணி மேட்டுக்காணிகளின் செங்கபில நிறம் அந்தத் துருவின் நிறம். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இத்தகைய தாக்கங்களின் வேகம் பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறைந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. இங்கே ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ். வட்சோவில் பூச்சியத்துக்குச் சற்று மேலே. வேகம் எவ்வளவு விழுந்துவிடும் என்று கணித ரீச்சர்மார் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். அதிலும் வருடத்தின் பாதி நாட்கள் நிலத்தில் திரவமாகத் தண்ணீரே இல்லை.

உக்குவதும் அப்படித்தான். எங்கள் வளவில் மாரிக்கு விழுந்த இலை அடுத்த மாரிக்குள் காணாமற் போய்விடும். கறையானும் மண்புழுவும் பங்கசும் பற்றீரியாவும் அதைத் தின்று தீர்த்துவிடும். பின்மார்க்கில் பேர்ச் மரத்தின் இலை வருடக்கணக்காக இலையாகவே கிடக்கும். பள்ளமான ஈர இடங்களில் பாசிமேல் பாசி படிந்து, உக்காமல், பீற் என்னும் கறுத்த சதுப்புப் படையாகச் சேர்ந்துகொண்டே போகும். வராங்கர் குடாவைச் சுற்றியுள்ள சதுப்புகளில் சில இடங்களில் இந்தப் படை மேடு மேடாக எழும்பி நிற்கும். உள்ளே கோடையிலும் இளகாத பனிக்கட்டி இருக்கும். அந்த மேட்டுக்குப் பல்சா என்று பெயர்.

மணற்பாங்கான இடத்தில் ஒரு குழி வெட்டிப் பார்த்தால் வேறொரு காட்சி. மேலே கறுத்த மெல்லிய உக்கல், அதன் கீழே சாம்பல் நிறப் பட்டி, அதற்கும் கீழே துருச்சிவப்புப் பட்டி. கரை வைத்த சேலையைப் போல இருக்கும். இலைதழை மெதுவாக அழுகும்போது வரும் அமிலங்கள் மேற்படையில் இருந்த இரும்பையும் அலுமினியத்தையும் கழுவிக் கீழே கொண்டுபோய் வைக்கின்றன. பொட்சொல் என்று நாங்கள் படித்தது இதைத்தான். ரசிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் 'சாம்பலுக்குக் கீழே' என்று பொருள். அந்தப் பட்டி முழுவதும் ஒரு சாண்தான் இருந்தது. வடநோர்வேயை மூடியிருந்த பெரும் பனிப்பாளம் அகன்று 10,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவ்வளவு காலத்து வேலை அந்த ஒரு சாண்.

இன்னும் வடக்கே போனால் நிலமே உறைந்து கிடக்கிறது. இரண்டு வருடங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பூச்சியப் பாகையில் அல்லது அதற்குக் கீழே இருக்கும் நிலத்தை நிலையுறைநிலம் என்கிறோம். வட அரைக்கோளத்துத் தரையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இத்தகைய நிலம் காணப்படும் வலயத்துக்குள் வருகிறது. சைபீரியாவின் சில பகுதிகளில் இது 1,500 மீற்றர் ஆழம்வரை போகிறது.

இங்கே ஒரு கிணற்றுக் கதை சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் பெயரிலேயே கேணி இருக்கிறது அல்லவா? சைபீரியாவின் யாக்குற்ஸ்க் நகரில் ஷேர்கின் என்னும் வணிகர் குடிதண்ணீருக்காக ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார். 1828இல் தொடங்கி 1837வரை வெட்டினார்கள். 116 மீற்றர் ஆழம் போயும் நிலம் உறைந்தே இருந்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கிணற்றில் இறங்கி வெப்பநிலை அளந்த பிறகுதான் நிலம் இவ்வளவு ஆழத்துக்கு உறைந்திருக்கும் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் நம்பினார்கள். கேணி வெட்டி ஏமாந்தவர் அறிவியலுக்குப் பெரிய உதவி செய்துவிட்டுப் போனார்.

இந்த உறைநிலத்தின் மேலே கோடையில் மட்டும் இளகும் ஒரு படை உண்டு. சில இடங்களில் ஒரு முழம், சில இடங்களில் ஓர் ஆள் உயரம். அந்தப் படைக்குள்தான் வேரும் நுண்ணங்கியும் மண்ணாக்கமும். கீழே உறைந்த தட்டு இருப்பதால் இளகிய தண்ணீர் இறங்க வழியில்லை. மண் சேறாகிறது. இலையுதிர்காலத்தில் மேலிருந்தும் கீழிருந்தும் உறையும்போது நடுவில் அகப்பட்ட சேறு நெரிபட்டுப் பிதுங்குகிறது. மேல்மண் கீழே போகிறது, கீழ்மண் மேலே வருகிறது. பரீட்சையில் அடிமட்டம் வைத்து நேர்கோடாக வரைந்தோமே, மண் பக்கப்பார்வை, அது அங்கே நேர்கோடாக இருப்பதில்லை. கலக்கிய மாவைப்போல வளைந்தும் சுழித்தும் கிடக்கும். ஸ்வால்பார்ட் தீவுகளில் இந்தப் புரட்டல் கற்களை ஓரத்துக்கும் பொடி மண்ணை நடுவுக்கும் ஒதுக்கி, நிலம் முழுக்க வட்டம் வட்டமாகக் கோலம் போட்டு வைத்திருக்கிறது. படத்தைப் பார்த்தால் யாரோ பெண்கள் இருந்து புள்ளி வைத்தது போல இருக்கும். ஒருவரும் போடவில்லை. உறைந்து இளகி உறைந்து இளகித் தானாக வந்தது.

இத்தகைய மண்ணுக்கு அமெரிக்க வகைப்பாட்டில் ஜெலிசொல் என்று பெயர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் அது தனி வரிசையாகச் சேர்க்கப்பட்டது. நாங்கள் படித்த காலத்தில் அந்தப் பெயர் புத்தகத்திலேயே இல்லை. ஆகவே அந்த ஒற்றை வரிக்காக எங்கள் ரீச்சரைக் குறைசொல்ல முடியாது.

தென்துருவத்தில் நிலைமை இன்னும் கடுமை. அந்தாட்டிக்காவில் பனி மூடாத நிலம் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. 1989இல் இந்தியா அமைத்த மைத்திரி ஆய்வு நிலையம் நிற்கும் ஷிர்மாகர் பகுதி அப்படி ஒரு வெற்றுநிலம். பாசியும் பாறையை ஒட்டும் லைக்கனும் படர்ந்த இடங்களில்தான் அங்கே உயிருள்ள மண் தொடங்குகிறது. மக்மேர்டோ உலர் பள்ளத்தாக்குகளிலோ பாசிகூட அரிது. அங்குள்ள சில நிலப்பரப்புகள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே கிடக்கின்றன. இருந்தும் அங்கே கல்லும் மணலும் உப்பும்தான். காலம் என்ற காரணி கோடிக்கணக்காகக் கிடைத்தாலும், தண்ணீரும் உயிரும் இல்லாவிட்டால் மண் வராது. அந்த வறண்ட தரையில் வாழும் முக்கியமான பிராணி, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு வட்டப்புழு. ஈரம் இல்லாதபோது காய்ந்து சுருண்டு கிடக்கும். பனி உருகி நனைந்தால் மறுபடி உயிர்க்கும்.

அதே கண்டத்தில் பென்குயின்கள் கூடும் கரைகளில் மட்டும் நிலம் வேறு மாதிரி. கடலில் தின்றதைக் கரையில் எச்சமாக இடுகின்றன. பொசுபரசும் நைதரசனும் நிறைந்த மண் அங்கே உண்டாகிறது. இதை அறிய நாங்கள் அந்தாட்டிக்காவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வட்சோவுக்குப் பக்கத்தில் எக்கரோய் என்ற இடத்தில் கடற்பறவைகள் கூடு கட்டும் செங்குத்துப் பாறை இருக்கிறது. சுற்றுப்புறம் எல்லாம் வெளிறிக் கிடக்க, அந்தப் பாறையின் அடியில் மட்டும் புல் கரும்பச்சையாக நிற்கும். மண்ணுக்கு எரு போடுவது யார் என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பனிப்பாளம் விலகிய வெறும் தரை எவ்வளவு காலத்தில் மண்ணாகிறது என்பதற்கு அலாஸ்காவின் கிளேசியர் பே நல்ல சாட்சி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே பனியாறு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் பின்வாங்கியிருக்கிறது. 1916இல் கூப்பர் என்ற தாவரவியலாளர் அங்கே சிறு சிறு சதுரங்களை அடையாளமிட்டார். அவற்றில் என்ன முளைக்கிறது என்று அவருக்குப் பின் வந்தவர்களும் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். முதலில் பாசி, பிறகு தரையோடு படரும் செடிகள், பிறகு நைதரசனைப் பிடித்துத் தரும் ஆல்டர் பற்றை, ஏறக்குறைய 200 ஆண்டுகளில் ஸ்புரூஸ் காடு. அது துருவத்தைவிட வெப்பமான, மழை மிகுந்த இடம். அதற்கே இருநூறு வருடம்.

மெதுவாக உருவாகும் இந்த மண் இன்னொரு வேலையும் செய்கிறது. உக்காத இலையும் வேரும் பாசியும் பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து சேர்ந்ததில், நிலையுறைநில வலயத்து மண்ணில் ஏறக்குறைய 1,500 பில்லியன் தொன் காபன் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இன்று வளிமண்டலத்தில் இருக்கும் காபனைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1979இலிருந்து ஆட்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்து வருகிறது. உறைந்தது இளகினால் நுண்ணங்கிகள் சாப்பிடத் தொடங்கும். காபனீரொட்சைட்டும் மெதேனும் வெளியேறும். அது மேலும் வெப்பமாக்கும். பின்மார்க்கின் பல்சா மேடுகள் சுருங்கி இடிந்து வருவதை ஆய்வாளர் 1950களின் வான்படங்களோடு ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஸ்வால்பார்ட்டில் 2008இல் திறந்த உலக விதைக் களஞ்சியம் உறைமலைக்குள் குடைந்து கட்டப்பட்டது. எங்கள் ஆசிய நாடுகளின் நெல்வகைகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. 2016இல் அதன் நுழைவுச் சுரங்கத்துக்குள்ளேயே உருகிய தண்ணீர் புகுந்துவிட்டது. விதைகளுக்குச் சேதமில்லை. ஆனாலும் பாதையைத் திருத்திக் கட்ட வேண்டியிருந்தது.

இனி, அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறோம்.

நெடுங்கேணியில் எங்களில் ஒருத்திக்கு, அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. ஊரே இடம்பெயர்ந்து போன காலத்தில் அது பற்றைக்காடாகிவிட்டது. போர் முடிந்து திரும்பி வந்தபோது, ஊரோடு இருந்தவள் தோழியின் காணியைப் பார்க்கப் போனாள். பற்றைக்குள் இலை சருகாகி, சருகு பொடியாகி, மேலே ஒரு விரல் தடிப்பில் கறுத்த மண் புதிதாக வந்திருந்தது. மனிதர் இல்லாத வருடங்களில் நிலம் சும்மா இருக்கவில்லை. அந்த மண்ணைக் கையில் அள்ளி மணந்து பார்த்ததை அவள் வட்சோவுக்குக் கடிதத்தில் எழுதினாள். வட்சோவில் இருந்தவள் அந்தக் கடிதத்தை வாசித்தாள், மடித்து வைத்தாள்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் வட்சோவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. காணி சும்மாதானே கிடக்கிறது, வீதி வேலைக்குக் கிறவல் வேண்டும், மேலே கொஞ்சம் எடுப்போம், பள்ளத்தைக் குளமாக்கித் தருவோம் என்றார் பேசியவர். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்த நேரம். சரி என்று சொல்லிவிட்டாள். ஐந்து நிமிடம்கூட இல்லை.

எங்கள் செங்கபில மண்ணின் கீழே பல இடங்களில் பரல் கலந்த படை இருக்கிறது. அதைத்தான் தேடுகிறார்கள். அதை எடுக்க மேல்மண்ணை வழிக்க வேண்டும். பெக்கோ ஒன்றும் ரிப்பர்கள் சிலவும் வந்தன. நான்கு நாளில் வேலை முடிந்தது. அந்தக் கறுத்த விரல் தடிப்பும், அதன் கீழே அப்பாவும் தாத்தாவும் எள்ளும் பயறும் போட்ட சிவந்த மண்ணும், அதன் கீழே பரலும் எல்லாம் போய்விட்டன. குளம் வரவில்லை. மாரியில் கலங்கல் தண்ணீர் நின்று கோடையில் வெடிக்கும் ஒரு பள்ளம்தான் மிஞ்சியது.

கிடைத்த பணத்தை அவள் தனக்கென்று வைத்திருக்கவில்லை. எங்கள் பாடசாலை நூலகத்துக்கு அலுமாரிகள் வாங்கத் தந்தாள். அந்த அலுமாரிகள் இன்றும் நிற்கின்றன. பிள்ளைகள் புத்தகம் எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அலுமாரிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும்.

ஊரில் இருந்தவள் அதை நேரில் பார்த்தும் பல மாதங்கள் ஒன்றும் எழுதவில்லை. அதற்கு அவளுக்குக் கோபம் ஒரு காரணம், சொல்லி என்ன என்ற சலிப்பு இன்னொரு காரணம். பாடம் படிப்பித்த தனக்கே பக்கத்துக் காணியைக் காக்க வழி தெரியவில்லையே என்ற குற்ற உணர்வும் இருந்தது. வட்சோவில் இருந்தவள் விடுமுறைக்கு வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அன்று நாங்கள் பேசியவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. பத்தாம் வகுப்பில்கூட அப்படிச் சண்டை பிடித்ததில்லை.

பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: "அங்கே ஒரு சாண் மண்ணுக்குப் பத்தாயிரம் வருடம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். பாசியில் காலடி பட்டால் அந்த அடையாளம் வருடக்கணக்கில் நிற்கும் என்று ஒதுங்கி நடப்பேன். என்னுடைய மண்ணைக் கேட்டவனுக்கு மட்டும் போனில் சரி என்றேன்." இந்த உரைக்கு இந்தத் தலைப்பை எடுத்தது அதனால்தான்.

எங்கள் வெப்ப நாட்டில் மண் வேகமாக உருவாகும் என்று நினைக்கத் தோன்றும். துருவத்தோடு ஒப்பிட்டால் வேகம்தான். ஆனாலும் இங்கேயும் ஓர் அங்குல மண் உருவாக நூற்றுக்கணக்கான வருடங்கள் வேண்டும். அதோடு எங்களுக்கு வேறொரு பலவீனம் உண்டு. குளிர் மண் உக்கலைச் சேமித்து வைக்கும்; எங்கள் மண் சேமிக்காது, வந்ததை உடனே செலவழிக்கும். வருடா வருடம் இலையும் சருகும் விழுந்தால்தான் மேற்படை நிலைக்கும். மேல்மண்ணை வழித்துவிட்டால் வடகீழ்ப்பருவ மழையின் முதல் இரண்டு பாட்டமே மிச்சத்தையும் வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடும். அது குளத்தில் படிந்து குளத்தின் கொள்ளளவையும் குறைக்கும். ஒரு காணியின் இழப்பு ஊரின் வயலுக்கும் போகிறது.

இப்போது அந்தப் பள்ளத்தில் வேலை செய்கிறோம். சரிவுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் வைத்து வரம்பு கட்டினோம். ஓரத்தில் கிளிசரியாத் தடி ஊன்றினோம். சணல் விதைத்துப் பூக்கும்போது வெட்டி அங்கேயே போட்டோம். அயலவர்கள் வைக்கோலும் மாட்டெருவும் தந்தார்கள். மூன்று மாரி போய்விட்டது. போன மாரி முடிவில் வைக்கோலை விலக்கிப் பார்த்தபோது நகக்கண் அளவுக்குக் கறுப்பு. ஓரிடத்தில் மண்புழு எச்சம் சிறு சிறு உருண்டையாகக் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தோம். நாங்கள் இருக்கும்வரை அது பழைய காணி ஆகாது. அது எங்களுக்குத் தெரியும்.

திரும்பிப் போகும்போது ஒரு பிடி மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டாள். வேண்டாம் என்றோம். நோர்வே ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து மண் கொண்டுவர அனுமதிப்பதில்லை. ஒரு பிடி மண்ணுக்குள் எத்தனையோ கிருமியும் புழுவும் பூஞ்சண வித்தும் இருக்கும். அந்தாட்டிக்காவுக்கும் கிருமிநீக்கம் செய்யாத மண்ணைக் கொண்டுபோவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று 1991ஆம் ஆண்டின் மட்ரிட் உடன்படிக்கை சொல்கிறது. எந்த மண்ணும் அதன் இடத்தில் இருப்பதுதான் அதற்கும் நல்லது, மற்ற மண்ணுக்கும் நல்லது.

சகோதரிகளே, இந்த மலரை ரொரன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் மெல்பேணிலும் வைத்து வாசிப்பீர்கள். உங்களில் பலருக்கு வன்னியில் இன்னும் காணி இருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு தொலைபேசி வரக்கூடும். அதற்காகச் சில வார்த்தைகள்.

உடனே சரி என்று சொல்லாதீர்கள். ஒரு வாரம் தவணை கேளுங்கள். கிறவல், மணல் எடுப்பதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருட்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதன் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். ஊரில் நம்பக்கூடிய ஒருவரை அனுப்பி, மண்வெட்டியால் ஒரு முழம் வெட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கப்போவது என்னவென்று கண்ணால் பாருங்கள். தவிர்க்க முடியாமல் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், மேல்மண்ணை வேறாக வழித்துக் குவித்து வைத்து, வேலை முடிந்தபின் திரும்பப் பரப்புவதாக எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, காணியைப் பற்றையாகவே விட்டுவிடுவது. பற்றைக்காடு என்று முகம் சுளிக்காதீர்கள். அங்கே வேலை நடக்கிறது, கூலி இல்லாமல்.

இன்றைய மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாரி முடிந்ததும் உங்கள் புவியியல் ரீச்சரைக் கேட்டு, பாடசாலை வளவில் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். படைகளை அளந்து கொப்பியில் எழுதுங்கள். மேலே எத்தனை விரல் கறுப்பு என்று திகதியோடு எழுதி, அந்த நூலக அலுமாரியில் வையுங்கள். பத்து வருடம் கழித்து இன்னொரு மாணவி அளந்து பக்கத்தில் எழுதட்டும். சங்கத்தின் அடுத்த நூற்றாண்டில் யாரோ ஒருத்தி அந்தக் கொப்பியைத் திறப்பாள்.